எந்த வேலைக்கு எந்தக் கத்தி?

மும்பையில் தாராவி. தாராவியில் 90 அடி ரோடு. ரோட்டை விட்டு உள்ளே போனால் சந்து. சந்துக்குள் ஓர் இரும்பு ஏணி. ஏணி ஏறினால் சின்னதாக ஒரு தோல் பட்டறை.

அங்கே ஆறு பேர் தரையில் உட்கார்ந்து வேலை செய்கிறார்கள். பர்ஸ், பெல்ட், கைப்பை செய்கிறார்கள்.

தாராவிக்கும் தோலுக்கும் பழைய உறவு. நூறு ஆண்டுகளுக்கு முன்பே இங்கே தோல் பதனிடும் வேலை நடந்தது. திருநெல்வேலிப் பக்கத்தில் இருந்து பல குடும்பங்கள் இந்த வேலைக்காக வந்து குடியேறின. அப்போது பக்கத்தில் பாந்த்ராவில் ஆடுமாடு அறுக்கும் கூடம் இருந்தது. 1971-இல் அது செம்பூரைத் தாண்டி தேவனாருக்கு மாறியது. பதனிடும் வேலையும் பிறகு தாராவியில் குறைந்தது. ஆனால் பதனிட்ட தோலை வாங்கிப் பொருள் செய்யும் வேலை நின்றுபோகவில்லை. சென்னையில் இருந்தும் கான்பூரில் இருந்தும் கொல்கத்தாவில் இருந்தும் தோல் வருகிறது.

அந்தப் பட்டறையில் ஒரு மாமாவும் மருமகனும் வேலை செய்தார்கள். மாமாவுக்கு முப்பது ஆண்டு அனுபவம். மருமகன் ஊரில் இருந்து வந்து மூன்று மாதம்தான் ஆகிறது.

நல்லது செய்யப் போய்

ஒரு நாள் காலை மாமா தோல் வாங்கப் போயிருந்தார். சந்தில் சாணை பிடிப்பவர் குரல் கேட்டது. சைக்கிளில் சாணைச் சக்கரம் வைத்து மிதித்துக்கொண்டு வருபவர். "தார் வாலா! தார் வாலா!" என்று கூவினார். இந்தியில் 'தார்' என்றால் கூர்மை.

மருமகனுக்கு ஒரு யோசனை தோன்றியது. மாமாவின் ராம்பி மழுங்கிக் கிடக்கிறதே. தீட்டி வைத்தால் மாமா சந்தோஷப்படுவார் என்று நினைத்தான். ராம்பி என்பது தோல் சீவும் கத்தி. அகலமான வாய், மரப்பிடி. அந்த ராம்பி மாமாவின் அப்பா வைத்திருந்தது.

சாணைக்காரர் ராம்பியை வாங்கினார். சக்கரத்தில் இந்தப் பக்கம் வைத்தார். திருப்பி அந்தப் பக்கமும் வைத்தார். தீப்பொறி பறந்தது. ஐந்து நிமிடத்தில் வாய் பளபளத்தது.

மருமகன் வேலையில் உட்கார்ந்தான். கைப்பையின் வாருக்கு ஓரம் சீவ வேண்டும். ஓரம் மெலிந்தால்தான் தோல் அழகாக மடியும். தையலும் ஒழுங்காக விழும். கல் பலகை மேல் தோலை வைத்தான். ராம்பியைத் தள்ளினான். வழுக்கிக்கொண்டு மேலே வந்தது. பிடியைத் தூக்கித் தள்ளினான். 'சரக்'கென்று உள்ளே குத்தி இறங்கியது. தோல் கிழிந்துவிட்டது. அடுத்த வாரும் அப்படியே கிழிந்தது.

அவனுக்குப் பயம் வந்தது. ராம்பியை வைத்துவிட்டான். சட்டைப் பையில் இருந்த மடக்குக் கத்தியை எடுத்தான். அதன் முனையால் தோலில் குத்தி அழுத்தினான். கத்தி சட்டென்று மடங்கியது. ஆள்காட்டி விரலில் இறங்கியது.

மாமா வந்து பார்த்தபோது தரையில் ரத்தம். கிழிந்த வார் இரண்டு கிடந்தன. முதலாளி, "தோல் காசைக் கூலியில் பிடிப்பேன்" என்றார்.

மாமா அப்போது எதுவும் பேசவில்லை. விரலைக் குழாய்த் தண்ணீரில் நன்றாகக் கழுவினார். சுத்தமான துணியை மடித்து வைத்து அழுத்தினார். கையை உயர்த்திப் பிடிக்கச் சொன்னார். சயான் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். அங்கே மூன்று தையல் போட்டார்கள். தனுர்வாதம் வராமல் இருக்க ஊசியும் போட்டார்கள்.

திரும்பி வரும்போது மருமகன் அழுதான்.

"மாமா, தாத்தா ராம்பியைக் கெடுத்துட்டேன்."

"நீ கெடுக்கலப்பா. எனக்குத்தான் புத்தி இல்ல. மூணு மாசமா வேலை சொல்லிக் கொடுத்தேன். கத்தியைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லலியே!"

"சாணைக்காரர்தானே இப்படிப் பண்ணினாரு?"

"அவரு தினமும் காய்கறிக் கத்திதான் தீட்டுதாரு. அதுக்கு ரெண்டு பக்கமும் தீட்டணும். ராம்பிக்கு ஒரு பக்கந்தான். நாம சொன்னாத்தானே அவருக்குத் தெரியும்? ஞாயித்துக்கிழமை லீவு. என்கூட வா. நாலு வாயையும் காட்டுதேன்."

மாட்டுங்காவில்: தட்டை வாய்

ஞாயிற்றுக்கிழமை இருவரும் மாட்டுங்கா மார்க்கெட்டுக்குப் போனார்கள். சேனை, வாழைக்காய், முருங்கைக்காய், பூசணி எல்லாம் குவிந்து கிடந்தன. ஓர் அக்கா சேனையைக் கூறு போட்டு விற்றார்.

"அக்கா, உங்க கத்தியைக் கொஞ்சம் பாக்கலாமா?" என்று மாமா கேட்டார்.

அக்கா சிரித்துக்கொண்டே கொடுத்தார். மாமா பையில் இருந்து ஓர் இரும்பு ஸ்கேலை எடுத்தார். கத்தியின் முதுகில் இருந்து வாய் வரை குறுக்காக ஸ்கேலை வைத்தார். வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார்.

"நடுவுல வெளிச்சம் தெரியுதா?"

"இல்ல மாமா. ஒட்டிக்கிட்டு இருக்கு."

"இதுதான் தட்டை வாய். முதுகு தடிப்பா இருக்கும். அங்கிருந்து வாய் வரைக்கும் நேராச் சரிஞ்சு வரும். ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி சரிவு. மரம் பிளக்கிற ஆப்பு மாதிரி."

தட்டை வாய் காய்க்குள் நேராக இறங்கும். தீட்டுவதும் எளிது. ஓரளவு மெல்லியது, ஓரளவு பலமானது. அதனால்தான் சமையல் கத்திகளில் பெரும்பாலும் இந்த வாய் இருக்கிறது.

"ராம்பியால சேனை வெட்டினா என்ன ஆகும்?" என்று மாமா கேட்டார்.

மருமகன் யோசித்தான். "கோணலாப் போகுமோ?"

"ஆமா. ஒரு பக்கம் மட்டும் சரிவு இருந்தா கத்தி ஒரு பக்கமா இழுக்கும். கூறு ஒரு பக்கம் தடிக்கும், ஒரு பக்கம் மெலியும்."

"அப்புறம் வாங்குறவங்க என்னோடதான் சண்டை போடுவாங்க" என்றார் அக்கா.

சலூனில்: குழி வாய்

போகிற வழியில் ஒரு சலூன் இருந்தது. அங்கே கண்ணாடிப் பெட்டிக்குள் பழைய சவரக் கத்தி ஒன்று இருந்தது. இப்போது பெரும்பாலான சலூன்களில் பிளேடு மாற்றும் கத்திதான். ஒவ்வொருவருக்கும் புதுப் பிளேடு போட வேண்டும். இது நோய் பரவாமல் தடுக்கும். அந்தப் பழைய கத்தியைக் கடைக்காரர் நினைவுக்காக வைத்திருந்தார்.

மாமா கேட்டு வாங்கி அதில் ஸ்கேலை வைத்தார். இந்த முறை நடுவில் வெளிச்சம் தெரிந்தது. முதுகும் வாயும் மட்டும் ஸ்கேலைத் தொட்டன. நடுப்பகுதி பள்ளமாக இருந்தது.

"இது குழி வாய். ரெண்டு பக்கமும் குடைஞ்சு எடுத்திருக்கு. அதனால வாய் ரொம்ப மெலிசு. முடியைக்கூட இழுக்காம வெட்டும்."

"அப்போ இதுதானே நல்ல வாய்?"

"உன் மடக்குக் கத்தியை எடு."

மருமகன் எடுத்துக் கொடுத்தான். அதுவும் குழி வாய்தான். வாயில் இரண்டு இடத்தில் பல் விழுந்திருந்தது.

"இது எப்படி ஆச்சு?"

"மரப்பெட்டியில ஆணியை நெம்பினேன் மாமா."

"மெலிஞ்ச வாய்க்குக் கூர்மை உண்டு. பலம் கிடையாது. நெம்பினா உடையும்."

குழி வாய்க்கு இன்னொரு குறையும் உண்டு. வாய்ப்பக்கம் மெல்லியது. ஆனால் முதுகை நெருங்கும்போது சட்டென்று தடிக்கும். அதனால் ஆழமாக வெட்டும்போது நடுவில் இறுகி நின்றுவிடும். மேலோட்டமான, நுணுக்கமான வேலைக்கே குழி வாய் நல்லது.

செம்பூரில்: புடைத்த வாய்

செம்பூரில் மாமாவின் தங்கை வீடு இருந்தது. ஜி.டி.பி. நகர் ஸ்டேஷனில் ரயில் ஏறினார்கள். சுனாபட்டி, குர்லா, திலக்நகர் தாண்டிச் செம்பூரில் இறங்கினார்கள். வெளியே ஒருவர் இளநீர் விற்றார். அவர் கையில் கனமான அரிவாள். மும்பையில் அதைக் கொய்தா என்பார்கள். நாலே வெட்டில் இளநீரின் தலை பறந்தது.

"அண்ணாச்சி, ரெண்டு இளநீர். அப்படியே உங்க அரிவாளையும் காட்டுங்க."

அரிவாளில் ஸ்கேலை வைத்தார் மாமா. ஸ்கேல் ஆடியது. நடுப்பகுதி மட்டும் ஸ்கேலைத் தொட்டது. இரண்டு ஓரத்திலும் வெளிச்சம் தெரிந்தது.

"இது வயிறு வச்சிருக்கே!" என்றான் மருமகன்.

"இதுதான் புடைத்த வாய். கோடாலிக்கும் இதே வாய்தான். வாய்க்குப் பின்னால நெறைய இரும்பு இருக்கு. ஓங்கி வெட்டினாலும் பல் விழாது. வெட்டின இடத்தைப் பிளந்து விலக்கும். சிக்கி நிக்காது."

இளநீர்க்காரரும் பேச்சில் சேர்ந்துகொண்டார். "இது எங்க ஊரு பக்கம் திருப்பாச்சேத்தியில அடிச்சது. பத்து வருசமா வச்சிருக்கேன். ஒருத்தரு வாயை மெலிசாத் தீட்டுங்கன்னாரு. தீட்டினேன். அன்னைக்கே நாலு இடத்துல மடிஞ்சுபோச்சு. மறுபடி பழையபடி ஆக்க ஒரு வாரம் ஆச்சு."

திருப்பாச்சேத்தி சிவகங்கை மாவட்டத்தில் உள்ள ஊர். அரிவாளுக்குப் பேர் பெற்றது.

பட்டறையில்: ஒரு பக்க வாய்

மாலையில் இருவரும் பட்டறைக்குத் திரும்பினார்கள். மாமா தாத்தாவின் ராம்பியை எடுத்தார். கூடவே ஓர் உளியையும் எடுத்து வைத்தார்.

"தச்சர் உளியைப் பாரு. ஒரு பக்கம் கண்ணாடி மாதிரி தட்டை. மறு பக்கம் மட்டும் சரிவு. இதுதான் ஒரு பக்க வாய். இழைப்புளிக்கும் இப்படித்தான். ராம்பிக்கும் இப்படித்தான் இருக்கணும்."

தோல் சீவும்போது தட்டைப் பக்கம் கீழே இருக்கும். அது தோலோடு ஒட்டிப் படுத்துப் போகும். சரிவுப் பக்கம் மேலே பார்க்கும். சீவிய தோல் அந்தச் சரிவில் ஏறிச் சுருண்டு விலகும். அடிப்பக்கம் தட்டையாக இருப்பதால் கத்தி குத்தி இறங்காது.

சாணைக்காரர் அடிப்பக்கத்திலும் ஒரு சரிவு போட்டுவிட்டார். படுத்துத் தள்ளினால் அந்தச் சரிவுதான் தோலைத் தொடுகிறது. வாய் தோலைத் தொடவே இல்லை. அதனால்தான் ராம்பி முதலில் வழுக்கியது. பிடியைத் தூக்கித் தள்ளியதும் வாய் குத்தி இறங்கிவிட்டது.

உலகின் பல இடங்களில் இந்த வாய் உண்டு. ஜப்பானில் பச்சை மீனை மெல்லிய துண்டாக அறுக்கிறார்கள். அந்தக் கத்திக்கும் ஒரு பக்கம்தான் சரிவு. தாராவியில் துணி தைப்பவர்களின் கத்திரிக்கோலிலும் ஒவ்வொரு அலகுக்கும் ஒரு பக்கம்தான் சரிவு. கத்திரியின் உள்பக்கத்தைத் தீட்டினால் துணி வெட்டாது. மடிந்து சிக்கும்.

ராம்பி பிழைத்தது

மாமா தீட்டுக் கல்லைத் தண்ணீரில் நனைத்தார். கல்லின் ஒரு பக்கம் கரடு. மறு பக்கம் வழவழப்பு.

முதலில் கரடான பக்கம். ராம்பியின் தட்டைப் பக்கத்தைக் கல்லில் படுக்க வைத்தார். முழுதாக ஒட்டி வைத்துத் தேய்த்தார். பிறகு சரிவுப் பக்கத்தைத் தேய்த்தார். மீண்டும் தட்டைப் பக்கம். கெட்ட சரிவு கொஞ்சம் கொஞ்சமாக மறைந்தது. ஓரிடத்தில் மட்டும் வாய் நீல நிறமாக இருந்தது.

"இது என்ன மாமா நீலம்?"

"சக்கரத்துல ரொம்பச் சூடாயிருக்கு. சூடு ஏறினா இரும்பு அந்த இடத்துல மெத்துனு ஆயிடும். கூர் நிக்காது. அந்த அளவுக்குத் தேய்ச்சு எடுத்திடணும். இனிமே சக்கரத்துல தீட்டினா அடிக்கடி தண்ணியில முக்கச் சொல்லு."

அன்று இரவு வேலை முடியவில்லை. மறுநாள் இரவும் தேய்த்தார்கள். பிறகு வழவழப்பான பக்கத்தில் தீட்டினார்கள். கடைசியில் வாயில் பிசிறு எழுந்தது. தட்டைப் பக்கத்தை ஒரே ஒரு முறை கல்லில் படுக்க வைத்து இழுத்தார் மாமா. பிசிறு போனது. கழிவுத் தோல் ஒன்றை எடுத்து அதன் மேல் பின்னோக்கி இழுத்தார். வாய் மின்னியது.

"சீவிப் பாரு."

"என் கை..."

"இடது கையால தோலைப் பிடி. கட்டுப் போட்ட விரலை வாய்க்கு முன்னால கொண்டு வராதே. கை எப்பவும் கத்திக்குப் பின்னாலதான் இருக்கணும்."

மருமகன் மெதுவாகத் தள்ளினான். வெங்காயத் தோல் போல ஒரு சுருள் எழுந்தது. தோல் கிழியவில்லை. மாமா பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தன்னிடம் இருந்த இன்னொரு ராம்பியை எடுத்துக்கொண்டார்.

"அது இனிமே உன்கிட்டயே இருக்கட்டும்" என்றார்.

சட்டைப் பைக்கு எந்தக் கத்தி?

அடுத்த வாரம் மருமகன் புது மடக்குக் கத்தி வாங்கப் போனான். கடைக்காரர் மூன்று கத்தி காட்டினார். மாமா விலையைக் கேட்கவில்லை. மருமகனிடம்தான் கேட்டார்.

"இதை வச்சு என்ன செய்வே?"

"நூல் அறுப்பேன். சணல் கயிறு, அட்டைப்பெட்டி வெட்டுவேன். ஆப்பிள் நறுக்குவேன்."

"நெம்புவியா?"

"மாட்டேன் மாமா. அதுக்கு ஸ்க்ரூ டிரைவர் இருக்கு."

பல வேலைக்கு ஒரே கத்தி என்றால் தட்டை வாயே ஏற்றது. அதையே தேர்ந்தெடுத்தார்கள். மாமா இன்னொன்றும் பார்த்தார். கத்தியைத் திறந்ததும் அது பூட்டிக்கொள்கிறதா என்று சோதித்தார். பூட்டு இல்லாத கத்தி முனையில் அழுத்தினால் மடங்கிவிடும். விரலை வெட்டிவிடும். பூட்டு இருந்தாலும் மடக்குக் கத்தியால் குத்தக் கூடாது. துளை போடக் குத்தூசி இருக்கிறது.

நினைவில் வைப்போம்

1. தட்டை வாய்: முதுகில் இருந்து வாய் வரை நேர்ச் சரிவு. காய்கறிக்கும் அன்றாட வேலைக்கும் ஏற்றது.

2. குழி வாய்: பக்கங்கள் பள்ளம். மிகவும் கூர்மை. எளிதில் பல் விழும்.

3. புடைத்த வாய்: பக்கங்கள் வயிறு போல் புடைப்பு. ஓங்கி வெட்டும் வேலைக்கு ஏற்றது.

4. ஒரு பக்க வாய்: ஒரு பக்கம் தட்டை, மறு பக்கம் சரிவு. சீவுவதற்கும் செதுக்குவதற்கும் ஏற்றது. சாய்ந்த வாய் உள்ள கத்தியை இடக்கைப் பழக்கம் உள்ளவர் வாங்கும்போது கடைக்காரரிடம் சொல்ல வேண்டும்.

மும்பை மழைக்காலத்தில் இரும்பு சீக்கிரம் துருப்பிடிக்கும். வேலை முடிந்ததும் துடைத்து லேசாக எண்ணெய் பூசி வைக்க வேண்டும். கத்தி வெட்டினால் காயத்தில் காப்பித் தூள், சுண்ணாம்பு வைக்கக் கூடாது. கழுவி, அழுத்திப் பிடித்து, ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். தனுர்வாத ஊசி பற்றிக் கேட்க வேண்டும்.

செய்து பார்ப்போம்

ஒரு தாளை எடுங்கள். அதன் மூலை 90 பாகை. அந்த மூலையைச் சரிபாதியாக மடித்தால் 45 பாகை. இன்னொரு முறை மடித்தால் 22½ பாகை. இந்த மூலையைத் தீட்டுக் கல்லின் மேல் நிறுத்துங்கள். காய்கறிக் கத்தியை இந்தச் சாய்வில் அல்லது இதைவிடக் கொஞ்சம் படுக்கவைத்துப் பிடித்துத் தீட்டலாம். இரண்டு பக்கமும் ஒரே எண்ணிக்கையில் தேய்க்க வேண்டும்.

பதில் சொல்லுங்கள்

1. ராம்பி ஏன் தோலைக் கிழித்தது?

2. இளநீர் வெட்டும் அரிவாளை மெல்லியதாகத் தீட்டினால் என்ன ஆகும்?

3. உங்கள் வீட்டுக் கத்தியில் ஸ்கேலை வைத்துப் பாருங்கள். அது எந்த வாய்?

4. ஒருவருக்கு ஒரு நாள் கூலி 600 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கெட்டுப்போன தோலுக்கு 450 ரூபாய் பிடித்தார்கள். கையில் எவ்வளவு கிடைக்கும்? ஒரு தீட்டுக் கல் 300 ரூபாய் என்றால், கல் வாங்குவது லாபமா? கூடிப் பேசுங்கள்.

5. சாணை பிடிப்பவரிடம் கத்தியைக் கொடுக்கும்போது என்னென்ன சொல்ல வேண்டும்? மூன்று வரி எழுதுங்கள்.